பல்லைத் தொடுமுன் தசையைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான தாடை வலி பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாதக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்களின் துன்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. ஆனால் மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சரியாகப் பொருந்தாமையே இவ்வலிக்குக் காரணம் என்றும், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்றும், பற்களைத் தேய்த்துச் சீராக்குவதோ, தசையை வலுவிழக்கச் செய்யும் போட்டாக்ஸ் ஊசியைப் போடுவதோதான் தீர்வு என்றும் அக்கட்டுரை முடிவு கூறியிருப்பதை ஏற்க இயலவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். இதே நம்பிக்கைகளோடு தொழிலைத் தொடங்கிச் சிலருக்குத் தேவையற்ற சிகிச்சையும் செய்திருக்கிறேன் என்பதால், மறுத்து எழுதும் கடமை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

மெல்லும் வேலையை முதன்மையாக நான்கு இணைத் தசைகள் செய்கின்றன. கன்ன எலும்பிலிருந்து தாடைக் கோணம் வரை இறங்குவது மாசிட்டர். நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து, கீழ்த்தாடையின் மேல்முனையில் வந்து பற்றுவது டெம்போரலிஸ். தாடையின் உட்புறத்தில் ஒன்றும், தாடையை முன்னுக்கு இழுப்பதற்கு மற்றொன்றுமாக இரண்டு டெரிகாய்ட் தசைகள் உள்ளன. பற்களை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தில் விரலை வைத்தால் கீழே புடைத்தெழுவது மாசிட்டர்; பொட்டில் வைத்தால் எழுவது டெம்போரலிஸ். நாள்பட்ட தாடை வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நோவது இவ்விரண்டில் ஒன்றோ இரண்டுமோதான். நோயாளிகளும் மருத்துவர்களும் எல்லாவற்றையும் பொதுவாகத் ‘தாடை மூட்டு வலி’ என்று சொல்லிவிடுகிறோம். மூட்டு வேறு, மூட்டை இயக்கும் தசை வேறு என்பது பேச்சுவழக்கில் மறைந்து, பிறகு சிகிச்சையிலும் மறைந்துவிடுகிறது. தங்கள் கட்டுரையில் மூட்டின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது. தசை என்ற சொல்லோ போட்டாக்ஸ் பற்றிய பத்தியில் மட்டுமே வந்தது.

தசை வலியின் தந்திரம் என்னவென்றால், அது தன் வீட்டில் இருப்பதில்லை. மாசிட்டரின் மேற்பகுதியில் உள்ள ஓர் இறுகிய புள்ளி கடைவாய்ப் பற்களில் வலிப்பதுபோல் தோன்றச் செய்யும். அதே தசையின் ஆழ்பகுதி காதுக்குள் வலியாக உணரப்படும். டெம்போரலிஸ் மேற்பற்களிலும் நெற்றிப்பொட்டிலும் வலியைக் காட்டும். பல், மூட்டு, தசை, முகத்தோல் ஆகிய அனைத்தின் வலிச் செய்தியும் முக்கிளை நரம்பு எனப்படும் ஐந்தாம் மூளை நரம்பின் வழியே சென்று, மூளைத்தண்டில் ஏறத்தாழ ஒரே நரம்புத் தொகுதியில் வந்து கூடுகின்றன. அங்கே வந்து சேரும் செய்தி எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்பதை மூளை சில நேரங்களில் தவறாகக் கணித்துவிடுகிறது. எனவே நோயாளி பல்லைக் காட்டி ‘இங்கேதான்’ என்று சொல்வது பொய்யன்று. அவருடைய மூளைக்கு அப்படித்தான் தெரிகிறது. பிழை செய்பவர் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு பல்லைத் துளைக்கத் தொடங்கும் மருத்துவர்தான்.

நான் அந்தப் பிழையைச் செய்தவன். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், என்னைவிட வயதில் மூத்த ஓர் அம்மா மேற்கடைவாய்ப் பல்லில் வலி என்று வந்தார். எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை. குளிர்ச்சி பட்டால் கூடவும் இல்லை, தட்டிப் பார்த்தால் நோகவும் இல்லை. இருந்தும் அவர் படும் பாட்டைப் பார்த்து வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்தேன். வலி அடுத்த பல்லுக்குப் போனது. நானும் அடுத்த பல்லுக்குப் போனேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் கன்னத்தை அழுத்திப் பார்க்க எனக்குத் தோன்றியது. விரல் அழுத்தம் ஐந்து வினாடியைத் தாண்டும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதாங்க டாக்டர், இதே வலிதான். பல்லுக்குள்ள போகுது பாருங்க” என்றார். சொத்தையே இல்லாத இரண்டு பற்களை அதற்குள் நான் உயிரற்றவையாக்கியிருந்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறுதல் தருவதாக இல்லை.

‘இதே வலிதான்’ என்று அவர் தாமாகச் சொன்ன சொல்லின் மீதுதான் இன்று இந்நோயின் அறுதியிடலே நிற்கிறது. இந்நோயைக் கண்டறிய 1992-இல் ஆராய்ச்சிக்கென வகுக்கப்பட்ட விதிகளை வல்லுநர்கள் திருத்தி, நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களும் பயன்படுத்தும்படி 2014-இல் வெளியிட்டனர். அதன்படி கேட்கவேண்டிய கேள்விகள் சில. கடந்த 30 நாட்களில் தாடை, நெற்றிப்பொட்டு, காது, காதின் முன்புறம் ஆகிய இடங்களில் வலி இருந்ததா? மெல்லுதல், பேசுதல், கொட்டாவி விடுதல், பற்களைக் கடித்தல் போன்ற தாடை அசைவுகளால் அவ்வலி கூடுகிறதா, குறைகிறதா? பிறகு மருத்துவர் மாசிட்டரையும் டெம்போரலிஸையும் விரல்நுனியால் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் முறையாக அழுத்த வேண்டும். வாயை இயன்றவரை அகலத் திறக்கச் சொல்ல வேண்டும். இவற்றால் வலி எழுந்தால் மட்டும் போதாது. எந்தத் தசையையும் போதிய அளவு அழுத்தினால் நோகத்தான் செய்யும். எழுந்த வலி அவரை மாதக்கணக்கில் வாட்டிய, அவருக்குப் பழகிய வலியா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் அது தசை வலி. அழுத்தத்தை ஐந்து வினாடி நீட்டிக்கும்போது வலி தசையின் எல்லையைத் தாண்டிப் பல்லுக்கோ காதுக்கோ ஓடினால், அது இடம் மாறி உணரப்படும் வகையைச் சேர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் இம்முறையைக் கையாளும்போது, தசை வலி உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரை அது சரியாகக் கண்டறிகிறது என்றும், இல்லாதவர்களில் 99 பேரைச் சரியாக விலக்குகிறது என்றும் அவ்விதிகளை வகுத்தவர்கள் சோதித்து வெளியிட்டுள்ளனர். விலையுயர்ந்த கருவிகள் பலவற்றுக்கு இந்தத் தரம் கிடையாது.

ஒரு கிலோ அழுத்தம் எவ்வளவு என்பது விரலுக்குத் தானாகத் தெரியாது. எடை காட்டும் சிறு தராசின் தட்டை விரல்நுனியால் அழுத்தி, முள் ஒரு கிலோவில் நிற்கும் வரை பழகிப் பார்க்க வேண்டும். நான் இன்றும் அவ்வப்போது செய்து பார்ப்பதுண்டு, விரல் மறந்துவிடுகிறது. வலி பல்லிலிருந்து வருகிறதா என்ற ஐயம் அப்போதும் நீங்காவிட்டால், அப்பல்லை மரத்துப்போகச் செய்து பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. பல் முற்றிலும் மரத்த பின்னும் வலி அப்படியே நின்றால், அப்பல்லின் மீது பழி போடுவது முறையாகாது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளவுகோலால் அளப்பதும் அவசியம். பெரியவர்களுக்கு முன்பற்களின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறப்பது இயல்பு. வலியால் தயங்கும் வாய், மருத்துவர் மெதுவாக உதவினால் இன்னும் சில மில்லிமீட்டர் திறக்கும். மூட்டுக்குள் ஏதேனும் அடைத்துக்கொண்டு நிற்கும் வாய் பெரும்பாலும் அப்படித் திறப்பதில்லை.

இனி ஸ்கேன். தசை வலியை எக்ஸ்ரே காட்டாது. எம்.ஆர்.ஐ. மூட்டுக்குள் உள்ள குருத்துத்தட்டு இடம் பெயர்ந்திருப்பதைக் காட்டும். ஆனால் எந்த வலியும் இல்லாத தன்னார்வலர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும் அத்தட்டு இடம் பெயர்ந்தே இருந்தது. அப்படியானால் வலியுள்ள ஒருவரின் படத்தில் அது தென்பட்டதும் ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று மகிழ்வதில் என்ன பொருள் இருக்கிறது? வாய் திறக்கும்போது காதருகே ‘டக்’ என்று கேட்கும் ஒலியும் அத்தகையதே. வலியோ பூட்டிக்கொள்ளுதலோ இல்லாத வரை அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. எலும்பு முறிவு, மூட்டுவாதம், கட்டி போன்றவற்றில் ஐயம் எழும்போது படம் எடுக்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. அச்சத்துடன் வரும் ஒருவரிடம் ‘உங்கள் மூட்டு நகர்ந்துவிட்டது’ என்று படத்தைக் காட்டிச் சொன்னால், அதன் பிறகு அவர் தாடையை அசைக்கவே அஞ்சுவார். அசையாத தசை மேலும் இறுகும். இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பற்கள் பொருந்தாமையே காரணம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பற்களை இழந்து தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்பவர்களுக்குக் காது வலியும் தலைவலியும் வருவதாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் விவரித்தது வெறும் 11 பேரை. அதன் மேல் ஒரு தலைமுறைப் பல் மருத்துவம் தன் கட்டடத்தை எழுப்பியது. 1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் என்பவர் தசையின் இறுக்கத்தையும் மனநிலையையும் சுட்டிக்காட்டினார். 1969-இல் டேனியல் லாஸ்கின் என்ற அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர், இது முதன்மையாகத் தசையின் நோய், பற்களின் பொருத்தக்கேடு பெரும்பாலும் அதன் விளைவு என்று வாதிட்டார்.

லாஸ்கினும் அவருடைய உடனாய்வாளர்களும் 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பல் மருத்துவ மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இவ்வலியுள்ள 25 பேருக்குப் பற்களைத் தேய்த்துச் சீராக்குவதுபோல் நடித்தார்கள். கருவி ஓடும், ஒலி கேட்கும், பல்லின் கடிபரப்பிலிருந்து ஒன்றும் தேயாது. அவர்களில் 16 பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், வலி முற்றிலுமோ ஏறத்தாழ முற்றிலுமோ நீங்கிவிட்டதாகக் கூறினர். நோயாளிகள் ஏமாளிகள் என்பதற்கு இது சான்றன்று. தன்னைக் கவனித்துப் பரிவோடு நடத்தும் மருத்துவரிடம் நம்பிக்கை பிறக்கும்போது தசை தளர்கிறது. அதோடு இவ்வலி அலைபோல் ஏறி இறங்கும் இயல்புடையது, மிக உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடிப் போகிறோம், அடுத்து அது இறங்கத்தான் போகிறது. இவ்விரண்டையும் கழிக்காமல், ‘நான் பல்லைத் தேய்த்தேன், அவருக்குக் குணமானது’ என்று ஒரு மருத்துவர் சொல்வது எதையும் நிறுவாது. பின்னர் 2003-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பும், பற்களின் கடிபரப்பைத் தேய்த்துச் சரிசெய்வது இவ்வலியைத் தீர்க்கும் அல்லது தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்றே முடிவு கூறியது. தேய்த்த எனாமல் மீண்டும் வளராது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படியானால் காரணம்தான் என்ன என்று கேட்கலாம். ஒற்றைக் காரணம் இல்லை என்பதே நேர்மையான விடை. அமெரிக்காவில் நான்கு இடங்களில், தாடை வலி இல்லாதவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்குப் புதிதாக இவ்வலி தோன்றியது. யாருக்குத் தோன்றும் என்பதை முன்கூட்டிச் சுட்டியவற்றில் முக்கியமானவை, உடலின் வேறு பகுதிகளில் ஏற்கெனவே இருந்த வலிகள், உறக்கக் குறைவு, தாடையைத் தேவையின்றி இயக்கும் வழக்கங்கள், உடற்குறிகள் பற்றிய மிகுந்த கவலை ஆகியவை. ஒற்றைத் தலைவலியும் கழுத்து வலியும் உடையவர்களிடம் தாடை வலி அதிகமாகக் காணப்படுவதற்கும் இதுவே பின்னணி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த வலியில், தசையில் தொடங்கிய தொல்லையைக் காட்டிலும் நரம்பு மண்டலம் பெற்றுவிட்ட மிகையுணர்வே பெரிதாக இருப்பதுண்டு. சிறிய அழுத்தமும் பெரிய வலியாகக் கேட்கும்படி மூளையும் தண்டுவடமும் பழகிவிடுகின்றன. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவதற்கு இது அனுமதி அன்று. அப்படிச் சொல்லும் மருத்துவர் வலியின் உடலியலையே அறியாதவர்.

பகலில் பற்களைக் கடித்துக்கொண்டிருக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நோயாளி தானே மாற்றிக்கொள்ளக்கூடியது அது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் ஒரு நாளில், மெல்லுதலையும் விழுங்குதலையும் சேர்த்தாலும், ஏறத்தாழ இருபது நிமிடங்களைத் தாண்டுவதில்லை என்று பாடநூல்கள் கூறுகின்றன. மற்ற நேரமெல்லாம் உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கு இடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க, நாக்கின் நுனி மேற்பற்களுக்குப் பின்னால் இலேசாகப் படிந்திருப்பதே தாடையின் ஓய்வுநிலை. இதைப் படிக்கும் இந்தக் கணத்தில் வாசகர்களின் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளட்டும். கணினித் திரையைப் பார்க்கும்போது, வாகனம் ஓட்டும்போது, கோபத்தை விழுங்கும்போது பலர் தம்மை அறியாமல் இறுக்குகிறார்கள். நறநறவென்று கடிப்பது மட்டுமே கடிப்பு என்று எண்ணுகிறோம். ஓசையின்றி மணிக்கணக்கில் இலேசாக அழுத்திக்கொண்டிருப்பதே தசையை அதிகம் சோர்வடையச் செய்கிறது. என் நோயாளிகளிடம் கைப்பேசியிலும் மேசையிலும் கண்ணாடியிலும் சிறு வண்ணப் பொட்டுகளை ஒட்டிக்கொள்ளச் சொல்வேன். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பற்களைப் பிரித்து, தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனவர்களில் பலர், ஒரு மாதத்துக்குப் பின் தாம் எவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருந்தோம் என்று வியந்து சொல்லியிருக்கிறார்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலைத் தங்கள் கட்டுரையாசிரியர் பார்த்திருந்தால் கட்டுரையே வேறாக அமைந்திருக்கும். உலகில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 6 முதல் 9 பேரைப் பாதிப்பதாக அது குறிப்பிடும் இந்நோய்க்கு, நோயாளிகளும் உறுப்பினர்களாக இருந்த ஒரு குழு, இருக்கும் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து வரிசைப்படுத்தியது. உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை: எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பேசிப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, பிசியோதெரபிஸ்டின் உதவியோடு தாடையை அசைத்துத் தளர்த்துதல், இறுகிய புள்ளிகளைக் கையால் அழுத்தி நீவுதல், ஒருவருடைய மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும், நிற்கும் உட்காரும் நிலையைச் சீராக்கும் பயிற்சியும், இவற்றோடு நோயைப் பற்றிய விளக்கமும் ஆறுதலும் வீட்டுப் பயிற்சியும். ஊசியும் கத்தியும் இப்பட்டியலில் இல்லை. பளபளக்கும் கருவி ஒன்றும் இல்லாததால்தானோ என்னவோ, இது விளம்பரத்துக்கும் வருவதில்லை. தாடைப் பயிற்சி என்பதைப் பலர் வாயை வலுக்கட்டாயமாகத் திறப்பது என்று எண்ணிக்கொள்கிறார்கள். நாக்கின் நுனியை அண்ணத்தில் வைத்து, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயை நேராகத் திறந்து மூடுவதுதான் முதற்பயிற்சி. அதற்குமுன் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பது தசைக்கு இதமாக இருக்கும். வலி தணியும் வரை கடினமானவற்றையும் சூயிங்கத்தையும் தவிர்க்கலாம். அதையே நிரந்தரப் பத்தியமாக்கிக்கொண்டால் தசை நலிந்துபோகும்.

நைட் கார்டு எனப்படும் பல்லுறை பற்றி அவ்வழிகாட்டுதல் சொன்னது என் தொழிலினரைச் சினங்கொள்ள வைத்தது. கழற்றி மாட்டக்கூடிய உறைக்கும்கூட எதிராகவே அது, உறுதியாக அன்றி நிபந்தனையோடு, பரிந்துரைத்தது. நான் இதில் முழுமையாக அவர்கள் பக்கம் இல்லை. உறங்கும்போது கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, எல்லாப் பற்களையும் மூடும் கடினமான உறை பல்லைக் காக்கும். அதை நான் தருகிறேன். ஆனால் பல்லைக் காப்பது வேறு, தசை வலியைத் தீர்ப்பது வேறு. உறை மாட்டிக்கொண்டும் கடிப்பவர் கடிக்கத்தான் செய்கிறார். முன்பற்களை மட்டும் மூடும் உறைகளை மாதக்கணக்கில் கவனிப்பின்றிப் பயன்படுத்தினால் பின்பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடலாம். அளவெடுத்து உறை தந்தாயிற்று, இனி வரவேண்டியதில்லை என்று அனுப்பிவிடுவது சிகிச்சையாகாது என்ற அளவில் அக்குழுவோடு எனக்கு உடன்பாடே. பல்லையோ தாடையையோ நிலையாக மாற்றிவிடும் உறைகளை அவர்கள் உறுதியாக மறுத்ததில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை.

போட்டாக்ஸையும் அதே வழிகாட்டுதல் நிபந்தனையோடு மறுக்கிறது. அது தசையைச் சில மாதங்கள் வலுவிழக்கச் செய்கிறது. வலிக்கு அதன் பயன் உறுதிப்படவில்லை. விலங்குகளில் செய்த சோதனைகளில் தாடை மூட்டின் எலும்பு அடர்த்தி குறைந்தது தெரியவந்துள்ளது. மீண்டும் மீண்டும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. மாத்திரைகளைப் பொறுத்தவரை, வலி கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு அழற்சி நீக்கும் மருந்தும், உறக்கம் கெட்டவர்களுக்கு இரவில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தும் மருத்துவரின் கண்காணிப்பில் உதவுவதுண்டு. அபின் வகை மருந்துகளுக்கு இங்கே இடமில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளே பற்கடிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கேட்டறிவது நல்லது. அறுவைச் சிகிச்சையில் அவசரப்பட்டதற்கு வரலாறு கொடுத்த தண்டனையை மட்டும் ஒரு வரியில் நினைவூட்டுகிறேன்: 1980-களில் அமெரிக்காவில் தாடை மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடுகளைப் பொருத்தினார்கள், அவை தேய்ந்து சிதறி எலும்பை அரித்ததால் 1990-களின் தொடக்கத்தில் அரசே திரும்பப் பெறச் செய்தது, அதற்குள் பலருடைய மூட்டு மீளாதபடி சிதைந்திருந்தது.

இவையெல்லாம் கட்டுரை சொன்னவற்றைப் பற்றியவை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதுவே மிக அவசரமானது. தாடை வலி எல்லாம் தசை வலி அன்று. மின்னல் வெட்டியதுபோல் சில வினாடிகளே நீடித்து, முகத்தைத் தொட்டாலோ காற்றுப் பட்டாலோ கிளம்பும் வலி நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குரிய மருந்துகள் வேறு. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடையில் தோன்றி, நின்றால் அடங்கும் வலி இதயத்திலிருந்து வரக்கூடும். அவர் போக வேண்டியது பல் மருத்துவரிடம் அன்று. வாய் நாளுக்கு நாள் குறைவாகத் திறப்பது, முகத்தில் உணர்ச்சி மரத்துப்போவது, கழுத்தில் கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் வரை எவரும் தாடைப் பயிற்சி சொல்லித்தரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 50 வயதைக் கடந்த ஒருவருக்கு, சில நிமிடங்கள் மென்றதும் தாடை கடுத்து, மெல்லுவதை நிறுத்தினால் விடுகிறது என்றால், அதோடு புதிய தலைவலியோ, தலைசீவும்போது உச்சித்தோல் நோவதோ, பார்வை மங்குவதோ இரண்டாகத் தெரிவதோ இருந்தால், அது நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியின் அழற்சியாக இருக்கக்கூடும். அன்றைய தினமே மருத்துவமனைக்குச் சென்று உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தச் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். ஐயம் வலுவாக இருந்தால், தமனியிலிருந்து சதை எடுத்துச் செய்யும் சோதனைக்குக் காத்திராமலே மருத்துவர்கள் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், ஏனெனில் இந்நோயில் ஒருமுறை போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, இத்தகைய ஒருவர் தம் பற்களின் பொருத்தத்தைச் சரிசெய்துகொள்ள இரண்டு வாரம் கழித்து முன்பதிவு செய்துகொண்டிருக்கலாம் என்ற எண்ணமே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

எனவே இதற்கு முந்தைய பத்தியில் உள்ள செய்தியை, முன்னைய கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், மற்ற எதை வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
பல் மருத்துவர்